செம்பைக் கரைப்பது யார்?

செம்புக் காசு ஒன்றைக் குடுவையில் போட்டு நைட்ரிக் அமிலத்தை ஊற்றுகிறார்கள். சற்று நேரத்தில் பழுப்புப் புகை சீறி எழுகிறது, காசு கரைந்துபோகிறது. ‘உலோகத்தையே தின்னும் பயங்கர அமிலம்!’ என்று தலைப்பு. கைப்பேசியில் அடிக்கடி வந்து விழும் இந்த வகைக் காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வலிமையானதுதானே, அதில் செம்பு ஏன் கரைவதில்லை? ஊற்றியதும் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு திடீரென்று பொங்குவது ஏன்?

முதல் கேள்விக்கு விடை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அமிலத்தின் வலிமை என்பது ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும் திறன். அந்த அயனியால் செம்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க முடியாது. நைட்ரிக் அமிலத்தில் பறிப்பது நைட்ரஜன். அதன் ஆக்சிஜனேற்ற எண் +5. அதற்குமேல் அதனால் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். நைட்ரிக் அமிலம் நைட்ரஸ் அமிலமாக இறங்கும் திட்ட மின்னழுத்தம் சுமார் 0.94 வோல்ட், செம்புக்கு 0.34. ஆகவே வினை நடக்க வேண்டும்.

ஆனால் மின்னழுத்த அட்டவணை, ஒரு வினைக்கு இடமுண்டா என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு விரைவில் நடக்கும் என்பதை அது சொல்வதில்லை. நைட்ரேட்டில் நைட்ரஜனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் அணுக்கள் நிற்கின்றன. அது எலக்ட்ரானை ஏற்றுக் கீழே இறங்க வேண்டுமானால் ஓர் ஆக்சிஜனைக் கைவிட வேண்டும். அது லேசில் நடப்பதில்லை. தூய நைட்ரிக் அமிலம், அதிலும் குளிர்ந்தும் நீர்த்தும் இருந்தால், செம்பிடம் வியக்கத்தக்க அளவுக்குச் சோம்பல் காட்டுகிறது.

செம்பை உண்மையில் தாக்குவது இன்னொரு அமிலம். காணொளிக்காரர்கள் பெயர்கூடச் சொல்லாத நைட்ரஸ் அமிலம், நைட்ரஜன் எண் +3. அமிலம் என்ற வகையில் அது பலவீனமானது. அதன் துளி ஒன்று கரைசலில் இருந்தால் போதும். +3-இல் இருக்கும் அது +5-இல் இருக்கும் நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து, இரண்டும் நடுவழியில் +4-இல் சந்திக்கின்றன: இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறுகள். இவற்றுக்கு நைட்ரேட்டின் தயக்கம் கிடையாது. ஆளுக்கொரு எலக்ட்ரானைச் செம்பிடமிருந்து வாங்கிக்கொண்டு இரண்டுமே நைட்ரஸ் அமிலமாகிவிடுகின்றன. ஒன்று போனது, இரண்டு வந்தது. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். வாசகர் கவனித்த அந்த அமைதியும் திடீர்ப் பொங்கலும் இந்தப் பெருக்கம்தான். வேதியியலில் இதற்குத் தன்வினைவேக மாற்றம் என்று பெயர். எனக்கு இதைவிட அழகான வினை அதிகம் தெரியாது.

பாலுக்கு உறை ஊற்றுவதும் இப்படித்தான். நைட்ரிக் அமிலம் பால், நைட்ரஸ் அமிலம் உறைமோர். உறையில்லாத பால் காத்திருக்கும். ஒரு கரண்டி விழுந்துவிட்டால் தயிரே மேலும் தயிரை உண்டாக்கும். உறை ஊற்றிய பாலைக் கலக்கிக்கொண்டே இருந்தால் தோயாது அல்லவா? நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் செம்புத் தகட்டை வேகமாகச் சுழற்றினாலும் கரைவது மட்டுப்படுகிறது, ஏனென்றால் பரப்பில் சேர்ந்த நைட்ரஸ் அமிலம் அடித்துச் செல்லப்படுகிறது. வெளிச்சத்தில் இருந்து மஞ்சளேறிய பழைய அமிலப் புட்டி, முந்தின நாள் தயிர் ஒட்டியிருக்கும் பாத்திரம்; அதிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு நீரோடு சேர்ந்து உறையைத் தயாராக வைத்திருக்கும். தயிர் மட்டும் புளித்த பிறகு நின்றுவிடும். இந்த வினையோ செம்போ அமிலமோ தீரும்வரை ஓயாது.

நைட்ரஸ் அமிலம் இரு பக்கமும் நகரக்கூடியது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் நிறத்தைப் போக்கும்போது அது எலக்ட்ரானைக் கொடுத்து +5-க்கு ஏறுகிறது. அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும்போது எலக்ட்ரானை வாங்கி +2-க்கு இறங்கி நைட்ரிக் ஆக்சைடாகிறது. யாரும் கிடைக்காவிட்டால் தமக்குள்ளேயே, மூன்று மூலக்கூறுகளில் ஒன்று ஏறி இரண்டு இறங்கிக்கொள்ளும்.

வரலாறு என்றதும் எல்லோரும் ஐரா ரெம்சன் சிறுவயதில் செம்புக் காசின்மேல் நைட்ரிக் அமிலம் ஊற்றி, விரல் சுட்டு, கால்சட்டையில் துடைத்து அதையும் ஓட்டையாக்கிய கதையைச் சொல்வார்கள். பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். சொல்லப்பட வேண்டியவர்கள் 1842-இல் பிரான்சில் மில்லோனும் 1890-இல் இங்கிலாந்தில் வெலியும். நைட்ரஸ் அமிலத்தின் பங்கைக் காட்டியவர்கள் அவர்கள்.

காணொளிகள் மறைக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பழுப்புப் புகையைச் சுவாசித்தவர் முதலில் இருமிவிட்டு நலமாகவே இருப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாத சோதனை இது.

இந்த வினையை அடக்கவும் வழி உண்டு. அமிலத்தில் யூரியாவைப் போட்டால் செம்பு கரைவது வெகுவாகத் தளர்ந்துவிடும். யூரியாவின் நைட்ரஜன் −3, நைட்ரஸ் அமிலத்தின் நைட்ரஜன் +3. இரண்டும் சுழியத்தில் சந்தித்து, நாம் மூச்சிழுக்கும் காற்றிலுள்ள அதே நைட்ரஜன் வாயுவாகக் குமிழியிட்டு வெளியேறுகின்றன. எவர்சில்வர் தகடுகளை நைட்ரிக் அமிலக் கலவையில் முக்கித் துலக்கும் ஆலைகளில் பழுப்புப் புகையைக் குறைக்க யூரியா சேர்ப்பதுண்டு. சில ஆலைகளில் அதற்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது நைட்ரஸ் அமிலத்தை மறுபடி +5-க்கே ஏற்றிவிடுகிறது, அமிலமும் வீணாவதில்லை.