சேத்துல இருந்து கரன்ட் வருமா? சேலம், நாமக்கல்லுக்கு இது உதவுமா?

சேலம், நாமக்கல் பக்கம் போனவர்களுக்கு ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரின் வாடை தெரிந்திருக்கும். மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் நீர் அது. ஏரியிலோ ஓடையிலோ தேங்கினால் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அடிச்சேறு கறுத்து நாறும். இந்தச் சேற்றிலேயே கரன்ட் எடுத்து, கழிவையும் குறைக்கலாம் என்கிறது ஒரு தொழில்நுட்பம். அதன் பெயர் 'படிவு நுண்ணுயிர் எரிபொருள் கலன்'. பேர்தான் பெருசு, விஷயம் எளிது.

எப்படி வேலை செய்கிறது?

சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று எலெக்ட்ரான்களை வெளியே தள்ளும். 1987-ல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் டெரெக் லவ்லி கண்டறிந்த ஜியோபாக்டர் இந்த வகைதான். சேற்றுக்குள் ஒரு கார்பன் தகடு, மேலே தண்ணீரில் இன்னொன்று. இரண்டையும் ஒயரால் இணைத்தால், எலெக்ட்ரான்கள் மேலே ஏறி ஆக்சிஜனோடு சேரும். அந்த ஓட்டம்தான் கரன்ட்.

எவ்வளவு கிடைக்கும்?

ரொம்பக் கம்மி. ஒரு சதுர மீட்டருக்கு 20 மில்லிவாட் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு 9 வாட் எல்இடி பல்புக்கு 450 சதுர மீட்டர், அதாவது சுமார் 11 சென்ட் பரப்பில் தகடு பதிக்க வேண்டும். ஆனால் சென்சாருக்கு இது போதும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் ஒரு வானிலை மிதவையையே இப்படி இயக்கிக் காட்டி, 2008-ல் முடிவை வெளியிட்டது.

அப்போ நமக்கு என்ன பயன்?

ஜவ்வரிசி ஆலைக்கு இது தேவையில்லை. கழிவுநீரை மூடிய கலனில் புளிக்கவைத்து பயோகேஸ் எடுக்கும் முறை இங்கே ஏற்கெனவே இருக்கிறது. கரன்ட்டும் அதில்தான் அதிகம்.

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் திருமணிமுத்தாற்றின் கதை வேறு. அதில் படிந்த சேற்றை அள்ளி பயோகேஸ் கலனில் போட முடியாது. அங்கே இந்தத் தகடுகள் கழிவு மட்குவதைக் கொஞ்சம் வேகப்படுத்தலாம், நாற்றத்தையும் குறைக்கலாம்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. பலன் தகட்டை ஒட்டிய சேற்றில் மட்டும்தான். மேல் தண்ணீரிலும் ஆக்சிஜன் இல்லையென்றால் கலன் படுத்துவிடும். அதாவது, புதுக் கழிவு வந்துகொண்டே இருந்தால் இதுவும் கைகொடுக்காது.

ஆக, ஆற்றில் கழிவு கலப்பதை முதலில் நிறுத்த வேண்டும். சேத்து கரன்ட் அதன்பிறகுதான். அப்போது, தண்ணீர் தேறுகிறதா என்று கண்காணிக்கும் சென்சாரை அந்த ஆற்றுச் சேறே இயக்கும்.