மழையில் நனையும் மிளகு

இரண்டு நிமிஷத்தில் ஒருவரைத் திடுக்கிட வைத்தல் எளிது. பின்னால் நின்று திடீரென்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால், அதே இரண்டு நிமிஷத்தில் முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக நம் நெஞ்சைப் பதைக்கச் செய்தல் எளிதன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சென்ற மாதம் மாத்தளையில், ஒரு வகுப்பறையின் வாங்கில் அமர்ந்தபடி, ஐந்து மாணவரோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன்.

ஊடகக் கற்கை பயிலும் அம்மாணவர்கள், திகிற்படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும் கைத்தொலைபேசியால் படமாக்கியிருந்தார்கள். இங்கிலாந்தின் பரீட்சைச் சபைகள் இத்தகைய பயிற்சியைப் பல ஆண்டுகள் வைத்து வந்துள்ளன. எழுத்துகள் திரையில் தோன்றுவது முதலாகப் புதுக்கதைப் படம் ஒன்றின் தொடக்கத்தை இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாமல் எடுக்க வேண்டும். எடுத்தவரே பின்பு அதனை மதிப்பிட்டு எழுதவும் வேண்டும். அம்முறையைப் பற்றி அறிந்த ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்க்கும் அவ்வாறே ஒரு வேலையைக் கொடுத்திருந்தார். வெளியார் ஒருவரும் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்று என்னை அழைத்தார்.

படம் இதுதான். பொழுது சாய்ந்த நேரம். மாலை வகுப்பு முடிந்து, தோளில் பையுடன் ஒரு பெண் இறப்பர் மரங்களுக்கிடையே நடந்து வருகிறாள். பின்னால் காலடி ஓசை. அவள் விரைகிறாள், ஓசையும் விரைகிறது. இடி முழங்குகிறது. ஒரு முகமூடி தெரிகிறது, ஒரு கத்தி மின்னுகிறது, பெண் அலறுகிறாள். திரை இருளடைய, படத்தின் பெயர் குருதி நிறத்தில் சொட்டுகிறது. அவ்வளவுதான்.

குறை கூறுமுன் நிறை கூறுவது முறை. கைமின்விளக்கின் முகப்பில் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றி நிலவொளியை உண்டாக்கியிருந்தார்கள். காலடி ஓசைக்காக உலர்ந்த சருகுகளைச் சாக்கில் நிரப்பி, அதைக் கையால் அமுக்கி அமுக்கிப் பதிவு செய்தார்களாம். ஓடும் பெண்ணுக்குப் பின்னால் கமெராவும் ஓடுகிறது. எனினும் படம் தளும்பவில்லை. பணமின்றி இவ்வளவு செய்தவர்களைப் பாராட்டாதிருக்க முடியாது.

அவர்கள் எழுதிய மதிப்பீட்டையும் படித்தேன். திகிற்படத்துக்குரிய இலக்கணங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, அவை தம் படத்தில் அமைந்துள்ளமையைக் காட்டியிருந்தார்கள். இருள் உண்டு, தனிமை உண்டு, முகமூடி, கத்தி, இடி, அலறல் யாவும் உண்டு. ஒன்றும் விடுபடவில்லை. ஆயினும் எனக்கு அச்சம் மட்டும் உண்டாகவில்லை.

ஏன் உண்டாகவில்லை என்பதை ஆராய்ந்தால், ஒரு படத்தின் தொடக்கம் என்ன வேலையைச் செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

தமிழர்க்கு மிகவும் அறிமுகமான தொடக்கமொன்றை எடுத்துக்கொள்வோம். எஸ். பாலசந்தர் இயக்க, ஏ.வி.எம். நிறுவனத்தார் 1954இல் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத தமிழ்ப் படம். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் சுருண்டு விழுகிறார். சுட்டவர் யாரென்று நமக்குக் காட்டப்படவில்லை. கதாநாயகன் கடைசியில்தான் சாவான், அதுவும் நீண்ட வசனம் பேசிவிட்டுத்தான் சாவான் என்று எண்ணியிருந்த சபை, முதற்காட்சியிலேயே அவனை இழந்து திகைத்தது. அந்தத் திகைப்பு ஒரு கேள்வியாக மாறியது. அக்கேள்வியே படத்தை முடிவுவரை இழுத்துச் சென்றது. குண்டின் ஓசை அங்கே வெறும் ஓசையன்று, கதையின் வித்து.

அல்பிரட் ஹிட்ச்கொக் என்னும் ஆங்கில இயக்குநர், 1962இல் பிரான்ஸ் நாட்டுத் திரூபோவுடன் உரையாடியபோது இதனை வேறொரு விதமாக விளக்கினார். இருவர் மேசையருகே இருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர் சில விநாடிகள் திடுக்கிடுவார், அவ்வளவே. குண்டு அங்கிருப்பதைப் பார்ப்பவர் முன்கூட்டியே அறிவாராயின், அந்த வெற்றுப் பேச்சு முழுவதும் அவர்க்கு வேதனையாகிவிடும். ஓர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த ‘டச் ஒஃப் ஈவில்’ படத்தின் தொடக்கம் இவ்விளக்கத்துக்கு நல்ல சான்று. ஒருவன் மோட்டார் வண்டியொன்றில் வெடிகுண்டை வைக்கிறான். மூன்று நிமிஷத்துக்கு மேலாக, ஒரு வெட்டும் இன்றிக் கமெரா அந்த வண்டியையும் தெருவையும் தொடர்ந்து செல்கிறது. தெருவிலே சிரிப்பும் பேச்சும். பார்ப்பவர் நெஞ்சிலே மட்டும் குண்டு.

"அவர்களிடம் பணமும் ஸ்ரூடியோவும் இருந்தன சேர், நாங்கள் மாணவர்தானே?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக இரண்டு மாணவர் முயற்சிகளை அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.

சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர் கூடி, ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்க, 1986இல் ‘ஊமை விழிகள்’ என்ற திகிற்படத்தை வெளியிட்டார்கள். தேர்ந்த முதலாளிகளே தயங்கிய அகன்ற திரையில் அதனை எடுத்து, தமிழ்நாடெங்கும் மக்களைத் திரட்டினார்கள். மற்றொன்று மிகச் சிறியது. போலந்து நாட்டு லொட்ஸ் நகரத் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்த ரோமன் போலன்ஸ்கி, 1957இல் ‘கொலை’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு பயிற்சிப் படம் எடுத்தார். அதன் நீளம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. ஓர் அறையில் ஒருவன் உறங்குகிறான். கதவு திறக்கிறது, ஒருவன் நுழைகிறான், சிறு கத்தியால் கொன்றுவிட்டுப் போகிறான். இடியுமில்லை, ஓட்டமுமில்லை. ஆயினும் அதைக் கண்டவர் அன்றிரவு தம் அறைக்கதவை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பர். உறங்குபவன் எவனோ ஒருவன்தான்; ஆனால், உறக்கத்தை அறியாதவர் நம்மில் எவருமிலர். ஆகையால் அவன் நிலையை நாம் உடனே உணர்கிறோம்.

மாணவர் படத்தில் இல்லாதது இதுவே. அந்தப் பெண்ணின் முகத்தை அவர்கள் நமக்குக் காட்டவேயில்லை. கூந்தலும் பையும் ஓடும் கால்களுமே தெரிகின்றன. அவள் யார், யாரிடம் திரும்பிக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு ஒரு குறிப்புமில்லை. முதல் விநாடியிலேயே முரசொலி தொடங்கிவிடுவதால், இறுதியில் வரும் அலறலுக்குச் செவியில் இடமேயில்லை. கத்தி ஒருத்தியைக் குத்துகிறது. நமக்குத் தெரிந்தவளைக் குத்தவில்லை.

இவ்வாறு சொல்லிக்கொண்டிருக்கையில், அப்படத்தை மறுபடி ஒருமுறை ஓட்டச் சொன்னேன். நடுவே ஐந்து விநாடி அளவில் ஒரு காட்சி இருந்தது. முதல்முறை பார்க்கையில் அது கண்ணில் பட்டும் மனத்தில் படவில்லை. ஒரு லயத்து வாசல். தரையில் சாக்கை விரித்து மிளகு காயப்போட்டிருக்கிறது. பெரிய பெரிய துளிகளாக மழை விழத் தொடங்குகிறது. மிளகு நனைகிறது. யாரும் வரவில்லை.

"இது என்ன காட்சி?" என்று கேட்டேன்.

"அது சும்மா எடுத்தது சேர். எங்கள் வீட்டு வாசல். இடைவெளியை நிரப்பப் போட்டோம். வேண்டாமென்றால் வெட்டிவிடுகிறோம்" என்றாள் படத்தைத் தொகுத்த பெண்.

"அம்மா, மழை தூறினால் உங்கள் வீட்டில் மிளகை அப்படியே விட்டுவிடுவார்களா?"

அவள் சிரித்தாள். "ஐயோ, விடுவார்களா? முதல் துளி விழுந்தவுடன் அம்மா, பாட்டி எல்லாரும் ஓடிவந்து அள்ளுவார்கள். பக்கத்து வீட்டார் இல்லாவிட்டால் அவர்கள் மிளகையும் நாங்கள்தான் அள்ளுவோம்." சொல்லி முடிக்குமுன்னே அவள் சிரிப்பு நின்றது. சற்றுப் பொறுத்து, "அப்படியானால் அந்த வீட்டில் யாருமில்லை" என்றாள். வகுப்பறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அன்று முதன்முறையாக எனக்கு அச்சம் உண்டானது.

மாத்தளை மாவட்டத்தில் வாழ்பவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் விளையும் நிலம் இது. காயும் சரக்கு மழையில் நனைந்தால் ஒரு வீட்டின் வருவாய் போயிற்று. அதை அள்ள ஒரு கையும் நீளவில்லையென்றால், மிளகைவிடப் பெரிய ஒன்று அவ்வீட்டில் தவறியிருக்க வேண்டும். கொலைஞனும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்; நனையும் மிளகே போதும்.

ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ என்ற படத்தில் இதே வழியைக் காண்கிறோம். பள்ளியிலிருந்து வரவேண்டிய சிறுமிக்காகத் தாய் காத்திருக்கிறாள். கொலையை நாம் காண்பதில்லை. மேசைமேல் வெறுந்தட்டு, புல்லிலே உருண்டு வந்து நிற்கும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கிய பலூன். இவை மூன்றும் சொல்லிவிடுகின்றன. அப்படத்தைப் பார்த்தறியாத மாணவி ஒருத்தி, தன் வீட்டு வாசலிலிருந்தே அந்த உண்மையைத் தொட்டிருக்கிறாள். தொட்டதை அறியாமல், அதை வெட்டி எறியவும் துணிந்திருந்தாள் என்பதுதான் வருத்தம்.

அச்சத்தைத் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் இடங்களையும் நான்காக வகுத்தார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர் என்பன மூன்று. நான்காவதாக அவர் வைத்தது தம்மை ஆளும் இறைவனை. முகமூடி அணிந்தவன் மூன்றாம் வகையைச் சேர்ந்தவன். எந்த நாட்டுப் படத்திலும் அவனைக் கடன் வாங்கலாம். இந்த மண்ணின் அச்சங்கள் மற்ற வகைகளிலும் உண்டு. இம்மாவட்டத்துச் சிகிரியாக் குன்றை நினையுங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தந்தையைக் கொன்று ஆட்சி கொண்ட காசியப்பன், கடல் கடந்து போன தம்பி என்றேனும் படையோடு திரும்புவான் என்று அஞ்சி, அக்குன்றின்மேல் அரண் அமைத்து வாழ்ந்தான் என்று வரலாற்று நூல் கூறும். மேசைக்கடியில் குண்டை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இருந்தவன் அவன்.

தோட்டத்து மக்களின் முன்னோரை நினையுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் வீழ்ந்தவர் எத்தனையோ பேர். ஊரில் அவர்களுக்காகக் காத்திருந்த தாய்மார்க்கு ஒரு செய்தியும் போய்ச் சேர்ந்திராது.

இன்னும் அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக நிலத்தை அகழ்ந்தபோது, மனித எலும்புகள் வெளிப்பட்டன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை எக்காலத்தவை என்பதில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை. ஆனால், 1980களின் இறுதியில் நாட்டில் நிகழ்ந்த கிளர்ச்சியின்போதும் அதனை அடக்கியபோதும் காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோர், அக்குழி பற்றிய செய்தி கேட்டதும், "என் மகன் அங்கே இருப்பானோ?" என்று நடுங்கினார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அவர்கள் வாசலில் மிளகு நனைந்துகொண்டுதான் இருந்தது.

இவ்வாறான ஓர் ஊரிலே, வீடு திரும்பாத ஒரு பெண்ணைப் பற்றிப் படமெடுப்பது விளையாட்டன்று. நான் இதைச் சொன்னது மாணவரை அச்சுறுத்துவதற்காக அன்று. அரசியற் படம் எடுங்கள் என்று ஏவுவதற்காகவும் அன்று. திகிற்படம் திகிற்படமாகவே இருக்கட்டும். ஆனால், அலறலை அலங்காரமாகக் கொள்ளும் படத்துக்கும், ஒருவர் இல்லாமையின் கனத்தை உணர்த்தும் படத்துக்கும் உள்ள தூரத்தை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் உள்ள கேள்விகளோடு இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுமாறு சொன்னேன்: இப்பெண்ணுக்காகக் காத்திருப்பவர் யார்? இதற்கு விடை தெரிந்தால், விளக்கை எங்கே வைப்பது, கமெராவை எப்போது நிறுத்துவது, எந்த ஓசையை விடுவது என்பவற்றுக்கெல்லாம் விடை தானே கிடைக்கும்.

புள்ளி போடும்படி என்னை வற்புறுத்தினார்கள். நான் போடவில்லை, அது அவர்கள் ஆசிரியரின் வேலை. ஆனால், புறப்படுகையில் அவர்களுக்குள் எழுந்த வாக்குவாதத்தைக் கேட்டேன். கத்தியை எடுத்துவிட வேண்டும் என்றாள் ஒருத்தி. கத்தியில்லாமல் திகிற்படமா என்றான் முகமூடி அணிந்து நடித்தவன். அவன் கவலை அவனுக்கு. முரசொலியை அடியோடு நீக்கிவிட்டு மழையின் ஓசையை மட்டும் வைப்போம் என்றான் இன்னொருவன். மிளகுக் காட்சியை முதலிலேயே வைப்பது என்பதில் மட்டும் ஐவரும் ஒன்றுபட்டார்கள். ஐந்து விநாடி போதாது. அரை நிமிஷமாவது வேண்டும். மீண்டும் எடுக்க வேண்டும்.

அதற்கு மழை வேண்டும். நான் மாத்தளையை விட்டு வந்த அன்று வெயில் கடுமையாக இருந்தது. வீட்டில் மழைக்காக ஒரு சாக்கு மிளகைப் பலிகொடுக்கப் பாட்டியின் சம்மதம் பெறுவது எப்படி என்று, படத்தைத் தொகுத்த அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருந்தாள்.