கிளாஸில் ஏறும் எடை

மலேசியாவில் 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உடல் எடை அதிகம் என்று 2022இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வு சொல்கிறது. இதைக் கேட்டால் நம் வீடுகளில் முதலில் கை வைப்பது சோற்றில்தான். “நாளையிலிருந்து ராத்திரி சோறு கிடையாது” என்று அம்மா சொல்லிவிடுவார். பிள்ளை தலையாட்டிவிட்டு, டியூஷன் முடிந்த பசியோடு பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார்ந்து மேகி கோரேங்கும் தே ஐஸும் சொல்வான்.

வாழை இலையில் இரண்டாம் தடவை வாங்கும் சோறும் கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் குடிப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தே ஐஸில் விடும் டின்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு கிளாஸில் இரண்டு மேசைக்கரண்டி விட்டாலே ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போய்விடும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தேக்கரண்டியைத் தாண்டக்கூடாது, அதில் பாதியோடு நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காலையில் ஒரு தே, கேன்டீனில் ஒரு சீராப், இரவில் ஒரு தே ஐஸ் என்றால் அந்த எல்லை எங்கே நிற்கும்? அதோடு, குடித்த சர்க்கரை மென்று தின்றதைப் போல வயிற்றை நிறைப்பதில்லை. தே ஐஸ் குடித்தவன் ஒரு ரொட்டி சானாயைக் குறைத்துக்கொள்வதில்லை.

அரசாங்கம் 2019 ஜூலையில் சர்க்கரை வரி கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென். 2025இல் அது 90 சென்னாக உயர்ந்தது. நல்ல வேலைதான். ஆனால் அந்த வரி தொழிற்சாலையில் அடைத்து வருவதற்குத்தான். கடைக்காரர் கலக்கித் தரும் கிளாஸுக்கு இல்லை. அங்கே காவல் உங்கள் வாய்தான்: பாலும் சர்க்கரையும் இல்லாத “தே ஓ கொசோங்”, அது முடியாவிட்டால் இனிப்பைக் குறைக்கச் சொல்லி “குராங் மானிஸ்”. பழகச் சில வாரம் பிடிக்கும்.

பட்டினி போடுவது வேண்டாம். வளரும் வயது, காலைப் பசியாறலை விட்ட பிள்ளை இரவில் அதை வட்டியோடு தின்றுவிடும். பெண் பிள்ளைகளுக்குப் பருவமடையும்போது உடம்பில் கொஞ்சம் சதை சேர்வது இயல்பு. அதைப் பார்த்து, கல்யாண வீட்டில் அத்தைமார் “குண்டாயிட்டியே” என்று சொல்லும் ஒரு வார்த்தை பிள்ளையின் தட்டைப் பல நாள் காலியாக்கிவிடும். பெரியவர்களுக்கான பிஎம்ஐ அட்டவணையை இந்த வயதில் அப்படியே பார்க்கவும் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற தனி வரைபடம் உண்டு. வீட்டில் ஒரு டேப் போதும்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

கழுத்தின் பின்புறத்தையும் பாருங்கள். அங்கே தோல் கறுத்து, வெல்வெட்டு போலத் தடித்திருந்தால் பல வீடுகளில் அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார்கள். பெரும்பாலும் அது அழுக்கல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதால், அப்படிப்பட்ட பிள்ளையை அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துப்போய் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துவிடுவது நல்லது.