குடுவை ரோஜாவுக்கு எவ்வளவு சர்க்கரை?

பௌர்ணமி கிரிவலம் என்றால் திருவண்ணாமலையில் ரோஜாவுக்குத் தேவை கூடும். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். வாழையில் திசு வளர்ப்புக் கன்று நட்டுப் பழகியவர்களுக்கு, ரோஜாவிலும் அது உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பு. உண்டு. ஆனால், வாங்கிய கன்று பிழைப்பதில் ஆய்வுக்கூடத்தில் கொடுத்த சர்க்கரைக்கும் பங்கு இருக்கிறது.

வயலில் நிற்கும் செடி தனக்கு வேண்டிய சர்க்கரையை வெயிலில் தானே தயாரித்துக்கொள்ளும். குடுவைக்குள் அது சரியாக நடக்காது. வெளிச்சம் குறைவு. மூடி இறுக்கமாக இருப்பதால், விளக்கு போட்ட சில மணி நேரத்தில் உள்ளே கரியமில வாயுவும் பெருமளவு குறைந்துவிடும். அதனால் ஊட்டக் கலவையிலேயே சர்க்கரை சேர்க்கிறார்கள். முராஷிகே, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962-ல் வெளியிட்ட கலவையே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் சர்க்கரை லிட்டருக்கு 30 கிராம், அதாவது 3 சதவீதம்.

அளவு மிகக் குறைந்தால் துளிர் மெலிந்து வெளுக்கும். வேர்விடத் தெம்பு இருக்காது. மிக அதிகமானால், உப்பு நிலத்தில் பயிர் தண்ணீரை இழுக்க முடியாமல் தவிப்பதுபோல் குடுவைக்குள்ளும் தவித்து, வளர்ச்சி குன்றும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஊட்டி வளர்த்த இலை உழைக்கப் பழகுவதில்லை. லாங்ஃபோர்டு, வெயின்ரைட் இருவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், கலவையில் சர்க்கரையைக் குறைத்தபோது ரோஜாத் துளிர்களின் ஒளிச்சேர்க்கைத் திறன் கூடியது தெரியவந்தது.

குடுவையில் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது; இலைத்துளைகளும் சரியாக மூடாது. வெளியே எடுத்ததும் வெயிலில் வைத்தால் அன்றே வாடிவிடும். வேரில் ஒட்டிய அகரை நன்றாகக் கழுவ வேண்டும். அதில் மிஞ்சிய சர்க்கரையே பூஞ்சாணத்துக்கு விருந்து. பிறகு தென்னைநார்க் கழிவில் நட்டு, பாலித்தீன் மூடாக்கில் ஈரக்காற்றில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டு, அதன்பின் நிழல்வலைக்கு மாற்ற வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். இதை முடிக்காத கன்று மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கும்போது குழித்தட்டிலிருந்து ஒரு கன்றை எடுத்துப் பாருங்கள். வெள்ளை வேர் மண்கட்டியைப் பற்றியிருக்க வேண்டும். வெளியே வந்தபின் விட்ட புது இலைகள் தடிப்பாக இருக்க வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்று முறை நடத்துகிறது. அந்த அங்கீகாரம் உள்ள கூடமா என்றும் கேளுங்கள்.

மாலைக்கான பன்னீர் ரோஜாவுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பதே என் கருத்து. பென்சில் கனமுள்ள போத்து போதும். புது ரகத்தைக் குறுகிய காலத்தில் ஆயிரக்கணக்கில் பெருக்க வேண்டிய பசுமைக்குடில் கொய்மலர்க்காரர்களுக்குத்தான் திசு வளர்ப்பு பொருந்தும்.

ஒன்று மட்டும்: இதைப் படித்துவிட்டுத் தோட்டத்து ரோஜாவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். எறும்புதான் வரும்.