மணமாகாத் தந்தையும் சட்டமும்

மணமின்றித் தந்தையான இளைஞனுக்கு நம் நாட்டுச் சட்டம் முதற்கண் சுட்டுவது உரிமையை அன்று, கடமையையே. திருமணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தையையும் தந்தை பராமரித்தல் வேண்டும் என்றது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. அக்குழந்தையை 'முறையற்றது' என வழங்கும் சொல்லாட்சி நமக்கு உவப்பானதன்று. முறை தவறியது குழந்தையன்றே! 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவிலும் அக்கடமை தொடர்கின்றது.

இஃது எம்மதத்தினர்க்கும் பொது. இசுலாமியத் தனியர் சட்டப்படி அக்குழந்தைக்குத் தந்தையின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. அதனால் பராமரிப்புக் கடமை நீங்கிவிடாது. மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பும் 2001இல் நீக்கப்பட்டது. தக்க காரணமின்றிச் செலுத்தத் தவறினால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

உரிமையோ பின்னரே வருகின்றது. மணமாகாத் தாய், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலே குழந்தையின் பாதுகாவலர் ஆகலாம் என 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தைபால் மெய்யான அக்கறை கொண்ட தந்தை பின்னர் நீதிமன்றத்தை நாடுதற்குத் தடையில்லை.