பருத்தி இலைச்சுருள் வைரசும் எதிர்ப்பாற்றலின் தோல்வியும்

பயிர் நோய்கள் பற்றிய எழுத்துக்களிலே போர்க்களச் சொற்கள் மலிந்து காணப்படுகின்றன. வைரசு 'தந்திரமாக' அரணைத் தகர்க்கின்றது. விஞ்ஞானி அதனை 'முறியடிக்கின்றார்'. உருவகங்களை ஆராய்ந்து பழகிய எமக்கு இச்சொல்லாட்சி ஐயத்தையே தருகின்றது. வைரசுக்கு நோக்கம் என்று எதுவுமில்லை. அதற்கு நோக்கத்தைக் கற்பித்துவிட்டால், நோய் பரவுவதற்கேற்ற சூழலை அமைத்த மனிதரின் நோக்கங்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. பாகிஸ்தானியப் பஞ்சாபின் பருத்தி வயல்களிலே நிகழ்ந்தவற்றை இந்நோக்கிலேயே நாம் அணுகுகிறோம்.

பஞ்சாபிலே தொன்றுதொட்டுப் பயிரிடப்பட்டு வந்தது நாட்டுப் பருத்தி. அதன் இழை குறுகியது. லங்காஷயர் ஆலைகளோ நீண்ட இழையை வேண்டி நின்றன. எனவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் அமெரிக்கப் பருத்தியைப் பரப்பினர். நாட்டுப் பருத்தியை இலைச்சுருள் நோய் பீடிப்பதில்லை. அமெரிக்கப் பருத்தியோ அதற்கு எளிதில் இரையாவது. இன்றைய நெருக்கடியின் வேர் இத்தெரிவிலேயே உள்ளது.

முல்தான் அருகே இந்நோய் முதன்முதலாக 1967 இல் அவதானிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் வரை அதனைப் பொருட்படுத்துவாரில்லை. 1980களின் பிற்பகுதியில் எஸ்-12 என்ற அதிக விளைச்சல் தரும் பேதம் பரந்த நிலப்பரப்பில் பயிராயிற்று. அது இந்நோய்க்கு மிக எளிதில் ஆட்பட்டது. நரம்புகள் தடித்தன, இலைகள் சுருண்டன, இலையின் அடிப்புறத்தில் கிண்ணம் போன்ற சிற்றிலைகள் முளைத்தன. 1991-92 இல் ஏறத்தாழ ஒரு கோடி 28 இலட்சம் பொதிகளாக இருந்த பாகிஸ்தானின் உற்பத்தி, 1993-94 இல் ஏறத்தாழ 80 இலட்சம் பொதிகளாக வீழ்ந்தது. (1992 இன் வெள்ளமும் முதலாண்டு வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது.)

இதற்கு மாற்றாக எதிர்ப்பாற்றல் கொண்ட பேதங்கள் உருவாக்கப்பட்டன. அவ்வாற்றலின் முக்கிய மூலங்களுள் ஒன்று, கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட எல்.ஆர்.ஏ. 5166 என்ற பருத்தி. 1990களின் இறுதியில் நோய் அடங்கியது. ஆனால் எங்கும் விதைக்கப்பட்டவை ஒரு சில பரம்பரையலகுகளையே நம்பியிருந்தன. 2001 இல் வெகாரி மாவட்டத்தின் பூரேவாலாவில் அதுவரை நோயுறாத பேதங்களும் இலை சுருண்டன.

பூரேவாலாவில் தோன்றியதை முற்றிலும் புதிய வைரசு என்று கூறுதல் பொருந்தாது. இவ்வைரசின் பரம்பரைப் பொருள் ஏறத்தாழ 2,700 அலகுகள் கொண்ட சிறு டி.என்.ஏ. வளையம், வெண் ஈ அதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றது. ஒரே செடியில் இரு வைரசுகள் குடிகொள்ளும்போது அவற்றின் துண்டுகள் இடம் மாறி இணைவதுண்டு. பூரேவாலா வகை, முன்னர் பரவியிருந்த முல்தான், கோக்ரான் வைரசுகள் இரண்டினதும் பகுதிகளால் ஆனது. நோய்க்குறிகளைத் தோற்றுவிக்கும் துணை டி.என்.ஏ.யும் இவ்வாறே கலப்புற்றிருந்தது. மேலும் வியப்புக்குரியது, சி2 எனப்படும் புரதம் அதில் பெரும்பாலும் குறைவுபட்டிருந்தமையாகும். செடியின் எதிர்ப்பாற்றல் இப்புரதத்தை இனங்கண்டே செயற்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வாறாயின், வைரசு பெற்ற ஒன்றினால் அன்றி, இழந்த ஒன்றினாலேயே நிலைபெற்றது எனல் வேண்டும். பின்னர் 2010களில், அப்புரதம் முழுமையாக அமைந்த முல்தான் வைரசு மீண்டும் வயல்களிலே தோன்றியது.

எல்லையற்ற பரப்பில் ஒரேவகை எதிர்ப்பாற்றலை விதைத்தபோது, அதிலே பெருகவல்ல அரிய திரிபு ஒன்றே தெரிந்தெடுக்கப்பட்டது. செவ்வரத்தையிலும் வெண்டியிலும் கூட இவ்வைரசுகள் தங்கக்கூடியவை. ஆதலால் பருத்தியை அறுவடை செய்தபின்னும் அவை அழிந்துபோவதில்லை. பரம்பரையலகுகள் பலவற்றை ஒன்றிணைத்தல், நிலத்துக்கு நிலம் பேதங்களை மாற்றுதல், விதைப்பை முற்படுத்தல் ஆகியன பேசப்படுகின்றன. குத்தகை நிலத்தில் கடனுக்கு விதை வாங்கும் சிறு விவசாயிக்கு இவற்றுள் எது சாத்தியம் என்ற வினாவைத் தாவரவியலாளர் எழுப்புவது அரிது.

பருத்தி எடுப்போர் பெரும்பாலும் பெண்கள். கூலி எடையைப் பொறுத்தது. சுருண்ட செடியிலே காய்கள் குறைவு, சிறியவை. அதே வெயிலில் அதே நேரம் நின்றாலும் மடியிற் சேரும் பஞ்சு குறைகிறது. நட்டக் கணக்குகள் பொதிகளிலும் ஏற்றுமதி வருமானத்திலும் எழுதப்படுகின்றன. இப்பெண்கள் இழந்த கூலிக்கு அவற்றிலே நிரல் இல்லை.