மலிவான ஊர் யாருக்கு மலிவு? லங்காவி முதல் புக்கிட் பெருந்துங் வரை ஓய்வுக்காலக் கணக்கு

லங்காவியிலும் பினாங்கிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி வாழும் வெளிநாட்டு முதியவர்கள் பலர் உண்டு. ஏன் இங்கு வந்தீர்கள் என்று கேட்டால், "மலேசியாவில் செலவு குறைவு" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக இருக்கும். அதே லங்காவியில் ஹோட்டல் அறையைச் சுத்தம் செய்பவரைக் கேட்டால் சாமான் விலை கட்டுப்படியாகவில்லை என்பார். ஒரே ஊர், ஒரே கடை, ஒரே விலை. இருவர் சொல்வதும் உண்மைதான்.

வேறுபாடு ஊரில் இல்லை, பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. தோட்டத்தில் வேலை முடிந்து, லயத்து வீட்டைக் காலி செய்து, "எங்காவது மலிவான ஊரில் ஒரு வீடு வாங்கிப் போய்விடலாம்" என்று யோசிக்கும் நம் குடும்பங்கள் இதைப் புரிந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டவரின் கணக்கு

பிரிட்டனில் 2025-26 நிதியாண்டில் முழு அரசு ஓய்வூதியம் வாரத்திற்கு 230.25 பவுண்டாக இருந்தது. ஒரு பவுண்டை 5 ரிங்கிட் என்று குறைத்தே வைத்தாலும் வாரத்திற்கு 1,151 ரிங்கிட் வருகிறது. மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதாவது, நம் தொழிலாளி ஒரு மாதம் உழைத்துப் பெறுவதை விட அதிகமான தொகை அந்த முதியவருக்கு இரண்டே வாரத்தில் வந்துவிடுகிறது. அவர் பவுண்டில் வாங்கி ரிங்கிட்டில் செலவழிக்கிறார். நாம் ரிங்கிட்டில் வாங்கி ரிங்கிட்டில்தான் செலவழிக்கிறோம்.

அவர்களும் நினைத்தபடி வந்து தங்கிவிட முடியாது. 1996இல் முதியவர்களுக்காகத் தொடங்கிய திட்டம், 2002 முதல் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்ற பெயரில் நடக்கிறது. 2024இல் வந்த விதிமுறைப்படி, சில்வர் பிரிவில் சேர 150,000 அமெரிக்க டாலர் வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்க வேண்டும். கோல்டு பிரிவுக்கு 500,000 டாலர், பிளாட்டினம் பிரிவுக்கு 10 லட்சம் டாலர். சில்வர் பிரிவினரும் குறைந்தது 600,000 ரிங்கிட் மதிப்புள்ள வீடு வாங்க வேண்டும். சொர்க்கத் தீவில் குறைந்த செலவில் வாழ்க்கை என்று விளம்பரங்களில் பார்க்கும் படத்திற்குப் பின்னால் இவ்வளவு பணம் இருக்கிறது.

அப்படி வந்தவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. மலேசியாவில் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படும் உயர்வு கிடைக்காது. 2005இல் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்திற்கு 82.05 பவுண்ட். அந்த ஆண்டு அதைப் பெறத் தொடங்கி இங்கேயே தங்கிவிட்டவருக்கு இன்றும் அதே 82.05தான். விலைவாசி ஏறுகிறது, வருமானம் நின்றுவிடுகிறது. பவுண்டில் வாங்குபவருக்கே இந்த நிலை என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தீவில் எது மலிவு, எது இல்லை

லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. மதுபானம், சாக்லேட், பாத்திரம் போன்றவை அங்கு மலிவு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தினசரி சமையலுக்குத் தேவையான பல பொருள்கள் கடல் கடந்துதான் வர வேண்டும். தீர்வையில்லாமல் வாங்கிய காரைத் தீவுக்கு வெளியே கொண்டுபோக சுங்கத் துறையின் அனுமதி தேவை. பிள்ளைகளைப் பார்க்க வர வேண்டுமென்றால் கோல கெடாவுக்கோ கோல பெர்லிசுக்கோ ஃபெர்ரி, இல்லையென்றால் விமானம்.

மருத்துவத்துக்குத் தீவில் சுல்தானா மலிஹா மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். வயதான காலத்தில் வீட்டு வாடகையை விட இந்தத் தூரமே பெரிய செலவாகிவிடும்.

நம் பக்கத்து ஊர் சொல்லும் பாடம்

இதே பாடத்தைப் புக்கிட் பெருந்துங்கும் சொல்கிறது. 'பெருந்துங்' என்றால் அதிர்ஷ்டம் வாய்த்தது என்று பொருள். 1990களில் நெடுஞ்சாலை ஓரத்தில் புது நகரமாக எழுந்த ஊர் இது. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு பல வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன, விலையும் சரிந்தது. வீடு மலிவாகக் கிடைத்தாலும் பக்கத்தில் போதிய வேலை இல்லை. வேலைக்கு ரவாங், கோலாலம்பூர் வரை போக வேண்டியிருந்தது.

மலிவு வீடு தேடி வந்த குடும்பங்களுக்கு இந்த ஊர் ஒரு கூரையைக் கொடுத்தது உண்மை. அந்த மலிவுக்கு விலையாகப் பெட்ரோல், டோல், மோட்டார் சைக்கிள் தவணை, விடியற்காலைப் பயணம் எல்லாம் சேர்ந்துகொண்டன. கொமுட்டர் ரயிலுக்கு ராசாவுக்கோ செரண்டாவுக்கோ போக வேண்டும். அரசு மருத்துவமனைக்குக் கோல குபு பாருவுக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டும். வண்டி ஓட்ட முடிகிற வரை இது சமாளிக்கக்கூடிய தூரம்தான். 70 வயதில் கண் மங்கி, முழங்கால் வலி வந்த பிறகு, கொண்டுபோய்விட ஆள் வேண்டும்.

சேமநிதிப் பணம் எத்தனை நாள் வரும்

ஊழியர் சேமநிதி வாரியம் முன்பு வகுத்திருந்த அடிப்படைச் சேமிப்பு இலக்கு 55 வயதில் 240,000 ரிங்கிட். மாதம் 1,000 ரிங்கிட் வீதம் 20 ஆண்டுகளுக்கு வரும் தொகை அது. இப்போது அந்த இலக்கை 60 வயதுக்கு 390,000 ரிங்கிட்டாகப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தில் உழைத்தவர்களுக்கு எட்டாத தொகை இது.

ஒரு தம்பதியிடம் 100,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 80,000 ரிங்கிட்டை ஒரு பழைய வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 20,000. மாதம் 800 ரிங்கிட் செலவு என்றால் 25 மாதத்தில் தீர்ந்துவிடும். வீடு இருக்கும், சமைக்க அரிசி இருக்காது. எல்லாப் பணத்தையும் வீட்டில் போட்டுவிட்டு, மாதச் செலவுக்குப் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது.

முடிவெடுக்கும் முன்

வெளிநாட்டவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஒரு நல்ல பழக்கம் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் உடனே வீடு வாங்குவதில்லை. ஆறு மாதமாவது வாடகைக்கு இருந்து பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் சாலை எப்படி, கிளினிக் எவ்வளவு தூரம், அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணை உண்டா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

நம் குடும்பங்களும் அதைச் செய்யலாம். கூடவே நான்கு கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதிப் பார்க்க வேண்டும்: மாதாமாதம் பணம் எங்கிருந்து வரும்? வண்டி ஓட்ட முடியாமல் போனால் மருத்துவமனைக்கு எப்படிப் போவது? வீட்டின் பட்டா, கடன் பாக்கி, நிலவரி எல்லாம் சரியாக இருக்கிறதா? இருவரில் ஒருவர் போய்விட்டால், மற்றவர் அந்த ஊரில் தனியாக இருக்க முடியுமா?

சேமநிதிப் பணத்தை 55 வயதிலோ 60 வயதிலோ மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 100 வயது வரை அங்கேயே வைத்திருந்து லாப ஈவு பெறலாம், தேவைக்கு மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு முதியவரைக் காப்பாற்றுவது தீவின் மலிவு அல்ல, தவறாமல் வரும் அந்த மாதப் பணம்தான். நம் பெற்றோருக்கும் வீட்டுச் சாவியோடு அது சேர்ந்து இருக்க வேண்டும்.